மூட்டைக்குள் என்ன இருக்கிறது? வட கரோலினாவின் முதல் வேளாண் ஆணையர்

போன பருவத்தில் ஒரு செமினாருக்காக அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் காலம் என்றாலே லிங்கன், அடிமை ஒழிப்பு, ரயில்பாதைகள், கோடீசுவரர்கள். அவ்வளவுதான் தெரியும். படிக்கப் படிக்க ஒரு பெயர் மட்டும் வெவ்வேறு இடங்களில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. உர மூட்டைகளைச் சோதித்த அரசு அதிகாரி என்று ஓரிடத்தில். பத்திரிகை ஆசிரியர் என்று இன்னோரிடத்தில். ஒரு கல்லூரி தோன்றக் காரணமானவர் என்று வேறோரிடத்தில். கடைசியில், உயிரோடு இருந்திருந்தால் 1892-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் மூன்றாவது கட்சியின் வேட்பாளராக நின்றிருக்கக்கூடியவர் என்று!

லியோனிடஸ் லஃபாயெட் போல்க். (அந்த ஊர்க்காரர்கள் 'ல்' ஒலிக்காமல் 'போக்' என்றுதான் சொல்வார்களாம். நாம் எழுத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்வோம்.) விவசாயியாக இருந்து ஒரு மாநிலத்தின் முதல் வேளாண் ஆணையராக ஆனவர். அந்தப் பதவியில் அவர் இருந்தது மூன்று வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம்தான். என்னை யோசிக்க வைத்தது அந்த மூன்று வருடத்தில் அவரால் செய்ய முடிந்ததும், செய்ய முடியாமல் போனதும்.

நிலமும் போரும்

1837 ஏப்ரல் 24 அன்று வட கரோலினாவின் தெற்கு எல்லையில் இருக்கும் ஆன்சன் கவுண்டியில் பிறந்தார். (கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், அளவில் சிறியது.) பதினைந்து வயதுக்குள் தந்தையும் தாயும் போய்விட்டார்கள். டேவிட்சன் கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு விவசாயத்தில் இறங்கினார். பாகத்தில் வந்தது நிலம் மட்டுமல்ல, அடிமைகளும்தான். போல்க்கை ஏழை விவசாயி என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. அவர் நிலக்காரர்.

1860-ல் இருபத்து மூன்று வயதிலேயே மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர் நாடு பிரியக்கூடாது என்ற பக்கம். போர் வந்ததும், அந்தப் பக்கத்தில் இருந்த தென்னகத்தார் பலரைப் போலவே, தன் மாநிலத்தோடு போய்விட்டார். செபுலான் வேன்ஸ் என்பவர் கர்னலாக இருந்த 26-வது வட கரோலினா படைப்பிரிவில் சேர்ந்தார். இந்த வேன்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இரண்டு முறை வருவார். பிறகு 43-வது படைப்பிரிவுக்கு மாறி, 1863-ல் கெட்டிஸ்பர்க் சண்டையில் காயம்பட்டார். 1864-ல் சிப்பாய்களின் வாக்கில் மறுபடியும் சட்டசபை உறுப்பினர் ஆனார்.

போர் முடிந்தபோது ஷெர்மனின் படைகள் அந்த வட்டாரத்தைக் கடந்து போயிருந்தன. நிலம் இருந்தது, பணம் இல்லை. 1870-களின் தொடக்கத்தில் அவருடைய நிலத்தின் வழியாக ரயில் பாதை போட்டார்கள். போல்க் சளைக்கவில்லை. பாதையை ஒட்டி மனைகளாகப் பிரித்து ஓர் ஊரையே உருவாக்கிவிட்டார்! போல்க்டன் என்ற அந்தச் சிற்றூர் இன்றும் இருக்கிறது. 1874-ல் அங்கிருந்து 'தி ஆன்சோனியன்' என்ற வாரப் பத்திரிகையையும் தொடங்கினார். விவசாயிகள் சங்கமான 'கிரேன்ஜ்' அமைப்பிலும் தீவிரமாக இருந்தார். மாநிலத்துக்கென்று ஒரு வேளாண்மைத் துறை வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கடன் எப்படி வேலை செய்தது

இதைச் சொல்லாமல் மேலே போனால் போல்க் செய்தது எதுவும் புரியாது. ஆகவே கொஞ்சம் பொறுமை.

போரில் தென் மாநிலங்களின் வங்கிகள் பெரும்பாலும் நொறுங்கிவிட்டன. விவசாயிக்கு விதை வேண்டும், உரம் வேண்டும், அறுவடை வரை வீட்டில் சாப்பிட வேண்டும். கையில் காசில்லை. கடன் கொடுக்க இருந்த ஒரே ஆள் உள்ளூர்க் கடைக்காரர். அவர் எதை அடமானமாக வாங்குவார்? நிலத்தின் விலை விழுந்து கிடக்கிறது. ஆகவே இன்னும் முளைக்காத பயிரையே அடமானமாக எழுதி வாங்கினார். இதற்கு வசதியாகப் போருக்குப் பின் மாநிலங்கள் தனிச் சட்டமே போட்டன.

கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை. ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வருட வட்டியாகக் கணக்குப் போட்டால் ஐம்பது சதவீதத்தையும் தாண்டும். வட்டி என்ற பெயரே கணக்கு நோட்டில் இருக்காது! பயிரை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு கடைக்குப் போக முடியாது. அதோடு, பருத்திதான் போட வேண்டும் என்பார் கடைக்காரர். சோளத்தை வீட்டிலேயே தின்றுவிடலாம், பருத்தியை விற்றுத்தானே ஆக வேண்டும். அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை விழும், கணக்கு நேராகாது, பாக்கி அடுத்த வருடத்துக்குப் போகும். 1870-களின் நடுவில் பவுண்டுக்குப் பத்து செண்டுக்கு மேல் விற்ற பருத்தி 1891 அறுவடையில் எட்டு செண்டுக்கும் கீழே போய்விட்டது. கடன் மட்டும் அப்படியே நின்றது.

இதில் உரம் எங்கே வருகிறது? தொடர்ந்து பருத்தியும் புகையிலையும் போட்டு மண் சத்திழந்துவிட்டது. குவானோ (கடற்பறவைகளின் எச்சம்), பாஸ்பேட் என்று மூட்டை உரங்கள் சந்தைக்கு வந்தன. அதையும் கடனில்தான் வாங்க வேண்டும். மூட்டைக்குள் மணலா சத்தா என்பது விவசாயிக்குத் தெரியாது. வாசனையை வைத்துப் பார்ப்பார்கள், நிறத்தை வைத்துப் பார்ப்பார்கள். அறுவடையின்போதுதான் உண்மை தெரியும். அப்போது பயிரும் போயிருக்கும், உரக் கடனும் நிற்கும். போலி உரம் என்பது அந்த விவசாயிக்கு வெறும் ஏமாற்று இல்லை, கடன் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கும் கயிறு.

ஆணையர் நாற்காலி

திருத்தப்பட்ட மாநில அரசியலமைப்பே வேளாண்மை, குடியேற்றம், புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கு ஒரு துறை வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன்படி 1877 மார்ச்சில் சட்டசபை வட கரோலினா வேளாண்மைத் துறையை உருவாக்கியது. ஏப்ரலில் போல்க் முதல் ஆணையர் ஆனார். அப்போது அந்தப் பதவிக்கு மக்கள் வாக்களிக்கவில்லை. ஒரு வாரியம் நியமித்தது. கவர்னர், பல்கலைக்கழகத் தலைவர் கெம்ப் பேட்டில், மாநில நிலவியலாளர் கெர், விவசாயச் சங்கங்களின் தலைவர்கள் ஆகியோர் அந்த வாரியத்தில் இருந்தார்கள். கவர்னர் யார் தெரியுமா? பழைய கர்னல் வேன்ஸ்தான்!

துறைக்குச் சட்டம் கொடுத்த வேலைப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். கால்நடை நோய், பூச்சி, ஆடு வளர்ப்பு, வடிகால், வேலி, ஆறுகளில் மீன்குஞ்சு விடுவது, வெளியிலிருந்து ஆட்களையும் முதலீட்டையும் மாநிலத்துக்கு வரவழைப்பது... இத்தனையும் ஓர் ஆணையரும் ஒரு சிறு அலுவலகமும் பார்க்க வேண்டும்.

வேலி என்றதும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அந்த மாநிலத்தின் பழைய வழக்கப்படி மாடும் பன்றியும் சுதந்திரமாகத் திரியும், பயிர் வைத்தவர்தான் தன் வயலைச் சுற்றி வேலி போட வேண்டும். நம் ஊரில் பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள். அங்கே குற்றம் வேலி போடாத விவசாயியுடையது! மரம் குறையக் குறைய வேலிச் செலவு ஏறியது. மாட்டை அடைக்க வேண்டும் என்று நிலக்காரர்கள் கேட்டார்கள். நிலமில்லாமல் இரண்டு மாடு மட்டும் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஒவ்வொரு கவுண்டியாக வருடக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது.

துறையின் பெரிய வேலை உரம்தான். சட்டத்தின்படி, மாநிலத்தில் விற்கப்படும் ஒவ்வொரு பிராண்டு உரத்துக்கும் உற்பத்தியாளர் வருடத்துக்கு 500 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் துறையே நடக்கும். அதே வருடம் சேப்பல் ஹில்லில் ஒரு வேளாண் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. தென் மாநிலங்களில் அதுதான் முதலாவது. ஆல்பர்ட் லெடூ என்ற வேதியியலாளர் அங்கே உர மாதிரிகளைச் சோதித்தார். பாஸ்பாரிக் அமிலம் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்ற முடிவுகள் அச்சாகி வெளியே வந்தன.

இதன் அருமை இன்று நமக்குச் சட்டென்று தெரியாது. இன்று எந்த உர மூட்டையை எடுத்தாலும் அதன்மேல் சத்து விகிதம் அச்சிட்டிருக்கும். என் தாத்தா அந்த எண்களைப் படிக்க மாட்டார், கடைக்காரர் சொல்வதை நம்புவார். ஆனால் அந்த எண் பொய்யாக இருந்தால் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். 1877-க்கு முன் வட கரோலினா விவசாயிக்கு எண்ணும் இல்லை, கேட்கும் இடமும் இல்லை.

போல்க் உட்கார்ந்த இடத்திலிருந்து மட்டும் வேலை பார்த்தவர் அல்ல. ஒவ்வொரு கவுண்டியிலும் கடிதம் எழுதும் ஆட்களைப் பிடித்து, பயிர் எப்படி, மழை எப்படி, கூலி எவ்வளவு என்று கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். மாநிலத்தைப் பற்றிய கையேடு ஒன்று 1879-ல் அவர் பெயரில் வெளிவந்தது. வெளியூர்க்காரர்களை இங்கே வந்து குடியேறச் சொல்லும் புத்தகம் அது. இப்படிப்பட்ட புத்தகங்களில் எல்லா மண்ணும் பொன் விளையும் மண்தான்!

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 500 டாலர் கட்டணத்தை உரக் கம்பெனி தன் சட்டைப் பையிலிருந்தா கட்டும்? மூட்டை விலையில் ஏற்றிவிடும். அந்த மூட்டையைக் கடன் விலையில் வாங்குபவர் விவசாயி. ஆக, விவசாயிக்குப் பாதுகாப்புத் தரும் துறையைக் கடைசியில் விவசாயியே வட்டியோடு நடத்திக்கொண்டிருந்தார். (இந்தக் கட்டணம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் தலையிடுகிறது என்று 1890-ல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு டன்னுக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள்.)

அதைவிடப் பெரிய பிரச்சினை இதுதான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஆணையரால் சொல்ல முடிந்தது. கடைக்காரரின் நோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. பருத்தி விலை அவர் கையில் இல்லை. ரயில் கட்டணம் அவர் கையில் இல்லை. கேள்வித்தாள்களில் விவசாயிகள் எழுதிய குறைகளுக்கெல்லாம் அவரால் செய்ய முடிந்தது அவற்றைத் தொகுத்து அறிக்கையாக அச்சிடுவது மட்டும். 1880-ல் போல்க் பதவி விலகினார். மான்ட்ஃபோர்ட் மெகீ என்பவர் அந்த இடத்துக்கு வந்தார்.

ஒரு மருந்துப் புட்டி

அடுத்த ஆறு வருடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். செய்தித்தாள் வேலை, வியாபாரம் என்று பலவற்றில் கைவைத்தார். அவற்றில் ஒன்று, தொண்டை அடைப்பான் நோய்க்கு 'போல்க் மருந்து' என்று ஒரு புட்டி மருந்தைத் தன் பெயரிலேயே விற்றது!

எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உர மூட்டைக்குள் இருப்பது என்ன என்று மூன்று வருடம் கம்பெனிகளைக் கேட்டவர் இவர். மருந்துப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று இவரைக் கேட்க யாரும் இல்லை. அமெரிக்காவில் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது 1906-ல்தான். அந்த நோய்க்கு உண்மையிலேயே வேலை செய்த எதிர்நஞ்சு 1890-களில்தான் வந்தது. போல்க் மனமறிந்து ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, தன் மருந்தை அவரே நம்பியிருக்கலாம். உரம் விற்றவர்களில் சிலரும் தங்கள் உரத்தை நம்பித்தான் இருந்திருப்பார்கள்.

பத்திரிகையும் கல்லூரியும்

1886 பிப்ரவரி 10 அன்று வின்ஸ்டன் நகரிலிருந்து 'ப்ரோக்ரஸிவ் ஃபார்மர்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. ஆசிரியர் போல்க். அடுத்த வருடம் தலைநகர் ராலிக்கு இடம் மாறியது. எரு தயாரிப்பது எப்படி, பன்றி வளர்ப்பது எப்படி என்பதோடு, உங்கள் ஊரில் விவசாயிகள் மன்றம் அமையுங்கள், கூடிப் பேசுங்கள் என்பதும் இதழ்தோறும் இருக்கும். ஆணையராக இருந்தபோது அவர் கேள்வி அனுப்பினார், விவசாயி பதில் எழுதினார். இப்போது விவசாயிகளே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது.

முதல் பெரிய சண்டை கல்லூரிக்காக. 1862-ன் மோரில் சட்டப்படி, வேளாண்மையும் தொழிற்கல்வியும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்திருந்தது. வட கரோலினாவில் அந்த நிதியின் வருட வட்டி 7,500 டாலர். அது சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போல்க் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு விவசாயம் கற்றுக் கொடுத்தீர்கள்? உர மூட்டையிடம் கேட்ட அதே கேள்விதான். மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா?

பல்கலைக்கழகத் தலைவர் பேட்டில், போல்க்கை நியமித்த அதே வாரியத்தில் இருந்தவர். அவரும் சும்மா இருக்கவில்லை, பல்கலைக்கழகத்துக்காக வாதாடினார். ஆனால் 1887 ஜனவரியில் ராலியில் விவசாயிகள் மாநாடு கூடியது. வாட்டாகா மன்றம் என்று ராலியில் இளைஞர்கள் வைத்திருந்த ஒரு குழுவும் தொழிற்கல்லூரி வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த மார்ச்சிலேயே சட்டசபை வேளாண், பொறியியல் கல்லூரிக்கான சட்டத்தை நிறைவேற்றி, மோரில் நிதியை அதற்கு மாற்றியது. ஸ்டான்ஹோப் புல்லன் என்பவர் நிலம் கொடுத்தார். 1889 அக்டோபரில் ஒரே ஒரு கட்டடத்தோடு கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்.

சணல் சாக்கு

இதே நேரத்தில் டெக்ஸஸில் பிறந்த 'விவசாயிகள் கூட்டணி' 1887-ல் வட கரோலினாவுக்குள் நுழைந்தது. போல்க்கின் மன்றங்கள் அதில் கலந்தன. அவர் மாநிலச் செயலாளர் ஆனார். 1890 வாக்கில் மாநிலத்தில் அதன் உறுப்பினர்கள் தொண்ணூறாயிரம் அளவுக்கு இருந்தார்கள்.

அவர்கள் ஜெயித்த ஒரு சண்டையில் நம் நாட்டுக்கும் மறைமுகமாகப் பங்குண்டு. பருத்திப் பொதிகளைச் சுற்றிக் கட்ட சணல் துணிதான் பயன்பட்டது. அதற்கான சணல் நார் வங்காளத்தில் விளைந்து கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. 1888-ல் அமெரிக்கச் சணல் துணி உற்பத்தியாளர்கள் கைகோத்துக்கொண்டு, அறுவடை நெருங்கும் நேரத்தில் விலையைக் கடுமையாக ஏற்றினார்கள். கூட்டணி விவசாயிகள் சணல் வேண்டாம், பருத்தித் துணியிலேயே பொதி கட்டுவோம் என்று கிளம்பினார்கள். அந்த முரட்டுத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தவர்களும் உண்டு. 1889-க்குள் விலை இறங்கியது. ஆணையராக இருந்த மூன்று வருடத்தில் போல்க்கால் ஒரு சாமானின் விலையையும் இறக்க முடிந்ததில்லை.

1889 டிசம்பரில் செயின்ட் லூயி மாநாட்டில் போல்க் தேசியத் தலைவர் ஆனார். அங்கேதான் சார்லஸ் மக்யூனின் 'துணைக் கருவூலத் திட்டம்' முன்வைக்கப்பட்டது. வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலர் மதிப்புக்கு விளைச்சல் உள்ள கவுண்டிகளில் அரசு கிடங்குகளைக் கட்ட வேண்டும். விவசாயி விளைச்சலை அங்கே வைத்துவிட்டு, அதன் மதிப்பில் 80 சதவீதத்தை வருடத்துக்கு ஒரு சதவீத வட்டியில் கடனாகப் பெறலாம். ஒரு வருடத்துக்குள் நல்ல விலை வரும்போது விற்று அடைக்கலாம். நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கொடுக்கும் பொருளீட்டுக் கடனைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அப்போது இது பெரிய புரட்சி. கடைக்காரரின் நோட்டை அது மூடிவிடும்!

இப்போது வேன்ஸ் மறுபடியும் வருகிறார். 1890-ல் அவர் அமெரிக்க செனட்டர். இந்த மசோதாவை செனட்டில் கொண்டுவந்தவரே அவர்தான், ஆனால் கேட்டுக்கொண்டதற்காகக் கொண்டுவருகிறேன் என்ற அளவில். சில மாதம் கழித்து, இதே வடிவில் என்னால் ஆதரிக்க முடியாது என்று எழுதிவிட்டார். பழைய கர்னலும் பழைய சிப்பாயும் வெளிப்படையாக மோதினார்கள். வட கரோலினாவில் வேன்ஸ் கிட்டத்தட்ட குலதெய்வம் மாதிரி. அவரை எதிர்த்துப் பேசுவது போல்க்குக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! 1891-ல் கூட்டணிக்காரர்கள் நிறைந்த சட்டசபையும் வேன்ஸையே மறுபடி செனட்டுக்கு அனுப்பியது, கூட்டணியின் கோரிக்கைகளுக்காகப் பாடுபட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மசோதா நிறைவேறவே இல்லை. ஏறக்குறைய அதே கருத்து, அரசுக் கிடங்குக் கடனாக, 1933-ல் ரூஸ்வெல்ட் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

யார் விவசாயி?

இதுவரை நான் 'விவசாயி' என்று எழுதிக்கொண்டே வந்தேன். யார் அந்த விவசாயி? அன்றைய வட கரோலினா மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கோ கூலிக்கோ உழுதவர்கள். கடைக்காரரின் நோட்டு அவர்களைத்தான் அதிகமாகக் கட்டிப்போட்டது. போல்க்கின் கூட்டணியில் அவர்களுக்கு இடமில்லை. கறுப்பின விவசாயிகளுக்கென்று தனிக் கூட்டணி 1886-ல் டெக்ஸஸில் உருவானது.

1891 செப்டம்பரில் அந்தக் கறுப்பினக் கூட்டணியின் தலைமை, நூறு பவுண்டு பஞ்சு எடுக்க ஒரு டாலர் கூலி வேண்டும் என்று வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. போல்க்கின் பத்திரிகை அதை எதிர்த்தது. இது வெள்ளை விவசாயிகளுக்கு எதிரானது என்பது அவர்களின் வாதம். ஆர்கன்சாவில் அந்த வேலைநிறுத்தம் ரத்தத்தில் முடிந்தது, பத்துப் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். உர மூட்டையிலும் கல்லூரி நிதியிலும் சணல் துணியிலும் கணக்குக் கேட்ட மனிதர், தன் வர்க்கத்து வயல்களில் பஞ்சு எடுத்தவர்களின் கூலிக் கணக்கு என்று வந்தபோது கடைக்காரரின் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர் நிலக்காரர் என்று தொடக்கத்திலேயே சொன்னேன் அல்லவா?

சமாதானமாக ஒன்று சொல்லலாம். அந்த 1891 சட்டசபைதான் ரயில்வே ஆணையத்தை அமைத்தது, கறுப்பின மாணவர்களுக்கான வேளாண், பொறியியல் கல்லூரியையும் உருவாக்கியது. ஆனால் 1890-ன் இரண்டாவது மோரில் சட்டப்படி, கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத மாநிலம் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தினால்தான் மத்திய நிதி கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம்

வடக்கையும் தெற்கையும் சேர்த்து வைப்பதில் போல்க் கெட்டிக்காரர். 1890 ஜூலை 4 அன்று கன்சாஸில் வின்ஃபீல்ட் நகரில், எதிர்ப் படையில் போரிட்ட விவசாயிகள் நிறைந்த ஆயிரக்கணக்கானோர் கூட்டத்தில், இந்த முன்னாள் தென்னகச் சிப்பாய் பேசிக் கைதட்டல் வாங்கினார். போர்க்காலப் பகை இருக்கும்வரை லாபம் வங்கிகளுக்கும் ரயில்காரர்களுக்கும்தான் என்பது அவர் கட்சி.

1892 பிப்ரவரியில் செயின்ட் லூயியில் மூன்றாவது கட்சிக்கான மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். ஜூலை 4-ல் ஓமஹாவில் மக்கள் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. பேச்சு முழுக்க போல்க் பெயர்தான். ஜூன் 11 அன்று வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் அவர் இறந்தார். வயது 55. ராலியில் ஓக்வுட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

ஓமஹாவில் ஜேம்ஸ் வீவர் வேட்பாளரானார். வடக்கின் படையில் இருந்தவர். தெற்கில் பிரசாரத்துக்குப் போனபோது ஜார்ஜியாவில் அழுகிய முட்டை எறிந்தார்கள். அப்படியும் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். போல்க் நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா என்று கேட்டால், நிச்சயம் இல்லை என்பேன். ஆனால் தெற்கில் அந்த முட்டைகள் பறந்திருக்காது.

ஆணையர் பதவிக்குப் பிற்பாடு தேர்தல் வந்தது. 1900 முதல் வட கரோலினா மக்கள் வாக்களித்து வேளாண் ஆணையரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'ப்ரோக்ரஸிவ் ஃபார்மர்' கிளாரன்ஸ் போ என்பவர் கையில் தென்னகத்தின் பெரிய விவசாயப் பத்திரிகையாக வளர்ந்தது. ராலியில் அந்தக் கல்லூரி வளாகத்தில் கால்நடை அறிவியல் நடந்த கட்டடத்துக்குப் போல்க் பெயரை வைத்தார்கள். கறுப்பின மாணவர்கள் இளநிலைப் படிப்புக்கு அந்த வளாகத்தில் முதன்முதலாகச் சேர்ந்தது 1956-ல். நான்கு பேர்.